ஆலோசகருக்குச் சம்பளம் தருவது யார்?

ஒரே வாரத்தில் மூன்று பேர் விசிட்டிங் கார்டு நீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் 'நிதி ஆலோசகர்' என்றுதான் அச்சடித்திருக்கிறது. முதலாமவர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். இரண்டாமவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். மூன்றாமவர் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் பதிவு செய்துகொண்ட முதலீட்டு ஆலோசகர். மூவரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். மூவரும் "உங்க குடும்பத்துக்கு எது நல்லதோ அதைத்தான் சொல்வேன்" என்றே ஆரம்பிக்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளரின் நலனுக்கு அடுத்ததாகவே தன் வருமானத்தை வைக்க வேண்டும் என்ற நம்பிக்கைப் பொறுப்பை, செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகள் மூன்றாமவர் தோளில்தான் ஏற்றிவைத்திருக்கின்றன.

வித்தியாசம் கார்டின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். ஏ.ஆர்.என். என்று தொடங்கும் எண் இருந்தால் அவர் விநியோகஸ்தர். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி கொடுத்த எண் அது. ஐ.என்.ஏ. என்ற மூன்று எழுத்துகளும் அவற்றையடுத்து ஒன்பது இலக்கங்களும் இருந்தால், அவர் செபியில் பதிவான ஆலோசகர். 2020-ல் திருத்திய விதிப்படி, விநியோகஸ்தர்கள் 'சுயாதீன நிதி ஆலோசகர்', 'வெல்த் அட்வைசர்' போன்ற பெயர்களைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அப்படியும் அந்தப் பெயர்கள் முழுதாக மறைந்துவிடவில்லை. பெயரைப் பார்த்து ஆளை எடைபோட வழியில்லை. எண்ணைப் பார்த்தால் ஓரளவு முடியும்.

எண்ணுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மனிதருக்கு மாதாமாதம் வருமானம் எங்கிருந்து வருகிறது?

திருச்சியில் ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் அறுபது வயதில் ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், ஜி.பி.எஃப். எல்லாம் சேர்ந்து நாற்பது லட்சம் ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்கில் வந்து விழுகிறது. பணம் வந்த விவரம் கணக்கு வைத்திருக்கும் கிளைக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டே நாளில் போன் வருகிறது. மேலாளர் அறையில் காபி வருகிறது. "சார், எஃப்.டி-யில வட்டி குறைஞ்சுக்கிட்டே போகுது. இது எஃப்.டி மாதிரியேதான், கூடவே இன்ஷூரன்ஸும் இருக்கு. வருஷத்துக்கு ஒரு லட்சம், பத்து வருஷம் கட்டினாப் போதும். பதினஞ்சு வருஷம் முடிஞ்சதும் இருபது லட்சமா கையில வாங்கிக்கலாம். போட்டது இரட்டிப்பா வருது சார்."

போட்டது பத்து, வருவது இருபது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கால்குலேட்டரை எடுத்து, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சம் கட்டியதாக வைத்துக் கணக்குப் போட்டால், அந்த இரட்டிப்பின் ஆண்டு வருமானம் சுமார் 6.65 சதவீதம் என்று தெரியும். அதே ஆசிரியர் அதே பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். தபால் நிலையம் வரைகூடப் போக வேண்டாம், அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும் வங்கியின் கவுன்ட்டரிலேயே பெரும்பாலும் அந்தக் கணக்கைத் தொடங்கிவிடலாம்.

பிறகு ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை? அதை விற்றால் ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை. மூத்த குடிமக்கள் திட்டத்துக்கும் பி.பி.எஃப்-புக்கும் ஏஜென்ட் கமிஷனை மத்திய அரசு 2011 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. ஆயுள் காப்பீட்டிலோ, முதலாண்டு பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷனாகப் போகலாம் என்று நெடுங்காலம் விதியே இருந்தது. 2023-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தத் தனித்தனி வரம்புகளை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்தது. மேலாளர் அறையில் இருந்தவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாத இலக்கு அவர் கழுத்தில் தொங்குகிறது. இலக்குப் பட்டியலில் இல்லாத ஒன்றை அவர் வாயிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

அப்படி ஒரு பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மனம் உறுத்துகிறதென்றால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற முடியும். சிறு பிடித்தங்கள் போக மீதி வரும். இதைப் பலர் முப்பத்தோராவது நாளுக்குப் பிறகுதான் கேள்விப்படுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் கதை கொஞ்சம் தெளிவாகியிருக்கிறது. ஒரு காலத்தில் பங்கு ஃபண்டில் நூறு ரூபாய் போட்டால், நுழைவுக் கட்டணமாக 2.25 ரூபாய் வாசலிலேயே கழிந்துவிடும். அதிலிருந்துதான் விற்பவருக்குக் கமிஷன். 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி அதை ஒழித்தது. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் 'டைரக்ட்' என்ற தனிப் பிரிவு வந்தது. அதே ஃபண்ட், அதே மேலாளர், அதே பங்குகள். விநியோகஸ்தருக்கான கமிஷன் மட்டும் அதில் கிடையாது. 'ரெகுலர்' பிரிவில் அந்தக் கமிஷன் ஆண்டுதோறும் ஃபண்டின் செலவுக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். தனியாக பில் வராததால், ஆலோசனை இலவசம் என்ற எண்ணம் பலருக்கு.

அந்த இலவசத்தின் விலையைப் பார்ப்போம். மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி., இருபது ஆண்டு. ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 99.9 லட்சம். 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 87.4 லட்சம். சந்தை இத்தனை சதவீதம் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். ஆனால் ஒரே ஒரு சதவீத வித்தியாசம் பன்னிரண்டரை லட்சம் ஆகிறது என்பதில் மாற்றமில்லை. யாருக்கு எவ்வளவு போகிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷன் ரூபாயிலேயே போட்டிருக்கும். 2016 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். மின்னஞ்சலில் வந்து திறக்காமலே கிடக்கும் அந்த அறிக்கையைத் திறந்து, அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துப் பார்க்கலாம்.

இதனால் விநியோகஸ்தர்கள் எல்லாரும் வேண்டாதவர்கள் என்றாகிவிடாது. மாதம் மூவாயிரம், ஐயாயிரம் போடுகிற ஒருவர் ஆண்டுக்கு இருபதாயிரம் கட்டணம் கொடுத்து ஆலோசகர் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. அவருக்கு, போன் செய்தால் எடுக்கிற, கே.ஒய்.சி. சிக்கினால் சரிசெய்து கொடுக்கிற, 2020 மார்ச்சில் நிஃப்டி சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தபோது "விக்காதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று சொன்ன உள்ளூர் விநியோகஸ்தர் பெரிய துணை. அவர் வாங்கும் கமிஷன் உழைப்புக்கான கூலிதான். மருந்துக் கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், அனுபவசாலியாகவும் இருக்கலாம். அவர் டாக்டர் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

தொகை பெரிதாகும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஐம்பது லட்சம் ரூபாய் ரெகுலர் பிரிவில் இருந்து, கமிஷன் முக்கால் சதவீதம் என்று வைத்தால்கூட, ஆண்டுக்கு 37,500 ரூபாய் போகிறது. சத்தமில்லாமல், ஆண்டுதோறும். அதைவிடக் குறைந்த கட்டணத்துக்கு முழுக் குடும்பத்தின் நிதியையும் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கும் பதிவுபெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய், சொத்து மதிப்பில் சதவீதம் என்றால் 2.5 சதவீதம்: இதற்கு மேல் தனிநபர்களிடம் வாங்கக் கூடாது என்று செபி வரம்பு கட்டியிருக்கிறது. இது உச்சவரம்பு, சந்தை விலை இல்லை. கட்டணத்தை ரொக்கமாக வாங்கவும் கூடாது. வங்கி வழியாகவே வாங்க வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கி, அவருக்கே பொருள் விற்றுக் கமிஷனும் வாங்குவதை 2020 திருத்தம் தடுக்கிறது.

கட்டணம் கொடுத்து ஆலோசனை பெறுவதற்குத் தடை எங்கே இருக்கிறதென்றால், "யோசனை சொல்றதுக்குப் போய்க் காசா?" என்ற நம் வீட்டுக் கேள்வியில் இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கிறோம், ஆடிட்டருக்குக் கொடுக்கிறோம். பணத்தைப் பற்றிய யோசனை மட்டும் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர் என்று சும்மா கிடைக்க வேண்டும் என எதிர்பார்க்கிறோம். 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் செபியில் பதிவான முதலீட்டு ஆலோசகர்கள் ஆயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். விநியோகஸ்தர்களோ லட்சத்துக்கும் மேல். கட்டணம் கொடுக்க ஆள் இல்லாத ஊரில் கட்டணம் வாங்கி வேலை செய்பவர் எப்படிக் கடை விரிப்பார்? சென்னை, கோவையைத் தாண்டினால் நேரில் போய்ப் பார்க்க ஒருவர் கிடைப்பதே அபூர்வம். வீடியோ அழைப்பில் வேலை செய்யும் ஆலோசகர்கள் வந்தபிறகு அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்திருக்கிறது.

இனி சான்றிதழ். சி.எஃப்.பி. என்ற நிதித் திட்டமிடுநர் பட்டத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1969 டிசம்பரில் சிகாகோவில் பதின்மூன்று பேர் கூடிப் பேசினார்கள். காப்பீடு, பங்கு என்று தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்த தொழிலை, முழுக் குடும்பத்தையும் பார்க்கும் ஒரு தொழிலாக மாற்ற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1973-ல் முதல் அணி பட்டம் பெற்றது. இன்று உலகம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தப் பட்டத்தை வைத்திருக்கிறார்கள். படிப்பு, தேர்வு, பணி அனுபவம், ஒழுக்க நெறி என்ற நான்கும் சேர்ந்தால்தான் பட்டம். ஓய்வூதியம், காப்பீடு, வரி, வாரிசுரிமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கப் பழக்குகிற படிப்பு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்தியாவில் அது மட்டுமே ஆலோசனைக்கான உரிமம் ஆகாது. கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்ல வேண்டுமானால் செபி பதிவு வேண்டும், அதற்குச் செபி நிறுவிய கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் முதலீட்டு ஆலோசகர் தேர்வின் இரண்டு நிலைகளிலும் தேற வேண்டும்.

இன்னொரு மாற்றமும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு செபி பதிவுக்கு முதுகலைத் தகுதியும் சில ஆண்டு அனுபவமும் கேட்டார்கள். 2024 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். இளங்கலைப் பட்டமும் தேர்ச்சியும் போதும், அனுபவம் கட்டாயமில்லை. ஆலோசகர்கள் எண்ணிக்கை பெருகட்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் ஐ.என்.ஏ. எண் இருப்பதாலேயே ஒருவர் ஒரு சந்தைச் சரிவையாவது வாடிக்கையாளரோடு கடந்து வந்தவர் என்று இனி எடுத்துக்கொள்ள முடியாது. எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், என்னைப் போன்ற எத்தனை குடும்பங்களைப் பார்க்கிறீர்கள் என்று வாய்விட்டுக் கேட்பதே வழி.

சான்றிதழ் ஏமாற்றிய கதைகளும் உண்டு. 2019-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், அமெரிக்க சி.எஃப்.பி. வாரியம் பொதுமக்களுக்காக நடத்திய தேடல் தளத்தை ஆராய்ந்தது. அதில் இருந்த 72,000-க்கும் அதிகமான திட்டமிடுநர்களில், 6,300 பேருக்கும் மேல் வாடிக்கையாளர் புகார், ஒழுங்கு நடவடிக்கை போன்ற பழைய பதிவுகளைக் கொண்டவர்கள். தளத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் நாட்டில் இந்தூரிலிருந்து போனில் பங்கு 'டிப்ஸ்' விற்ற பல நிறுவனங்கள் செபி பதிவோடுதான் இயங்கின. உறுதியான லாபம் என்று சொல்லி, ஒரே ஆளிடம் திட்டத்தின் மேல் திட்டமாக லட்சக்கணக்கில் கட்டணம் பறித்ததாக அவற்றுக்கு எதிராகச் செபி ஒன்றன்பின் ஒன்றாக ஆணைகள் போட்டது.

பதிவே போலியாக இருப்பதும் சகஜமாகிவிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் செபி முத்திரையோடு ஒரு சான்றிதழ் படம் வரும். எண் நிஜமான எண்ணாகவே இருக்கும், ஆனால் வேறொருவருடையதாக இருக்கும். அதனால் எண்ணைச் செபியின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட இடைத்தரகர்கள் பட்டியலில் தேடுவதோடு நிற்கக் கூடாது. அங்கே போட்டிருக்கும் பெயர், முகவரி, மின்னஞ்சல் ஆகியவை நம்மோடு பேசுகிறவருடையவைதானா என்று ஒப்பிட வேண்டும். சந்தேகம் இருந்தால், அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, தளத்தில் உள்ள தொடர்பு வழியாக விசாரிக்கலாம். ஐந்து நிமிட வேலை.

இத்தனைக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: பணம் யார் கணக்குக்குப் போகிறது? பின்னாளில் பெரும் நிதி மோசடிக்காகச் சிக்கிய பெர்னார்ட் மேடாஃபின் நிறுவனம் 2006-ல் அமெரிக்கச் செக்யூரிட்டீஸ் ஆணையத்தில் முதலீட்டு ஆலோசகராக முறைப்படி பதிவு செய்துகொண்டது. 2008 டிசம்பர் 11 அன்று அவர் கைதானபோது, வாடிக்கையாளர்களின் அறிக்கைத் தாள்களில் 64.8 பில்லியன் டாலர் இருந்தது; கணக்கில் இல்லை. யோசனை சொன்னதும் அவர், பணத்தை வைத்திருந்ததும் அவர், மாத அறிக்கையை அச்சடித்து அனுப்பியதும் அவர். கணக்கைத் தணிக்கை செய்தது நியூயார்க் புறநகரில் இருந்த ஒரு மிகச் சிறிய அலுவலகம். பதிவு இருந்தது, புகழ் இருந்தது. பணத்தையும் அறிக்கையையும் தனியாகக் கவனிக்கும் வெளியாள் ஒருவர் இல்லை.

ஒழுங்காக நடக்கும் ஆலோசனையில் இந்த மூன்றும் மூன்று இடத்தில் இருக்கும். ஆலோசகர் யோசனை எழுதிக் கொடுப்பார். பணம் முதலீட்டாளரின் வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஃபண்டின் கணக்குக்குப் போகும். யூனிட் கணக்கைப் பதிவாளர் நிறுவனம் வைத்திருக்கும். நாட்டின் மியூச்சுவல் ஃபண்ட் சொத்துகளில் பெரும்பகுதிக்குக் கணக்கு பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனத்துக்குத் தலைமையகம் சென்னைதான். அறிக்கை அங்கிருந்தோ டெபாசிட்டரியிடமிருந்தோ வரும். ஆலோசகரின் லெட்டர்பேடில் வராது. "என் ஜிபே-க்கு அனுப்பிடுங்க, நான் போட்டுடறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதுப் பாடம் இல்லை. 2012-ல், மக்களிடம் முதலீடு வாங்கிய பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது பார்த்தோம். பத்தாண்டு கழித்து ஆருத்ரா என்ற நிறுவனத்தின் விவகாரம் வந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்ற பேச்சை நம்பி சுமார் ஒரு லட்சம் பேர் 2,438 கோடி ரூபாய் கட்டினார்கள் என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசாரின் கணக்கு. வேலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கமெல்லாம் நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது சுலபம், நியாயம் இல்லை. தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று வந்த ஏஜென்டுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே 'ஆலோசகர்'. அந்த ஏஜென்டுக்கும் ஆள் சேர்த்ததற்குக் கமிஷன். பதிவுபெற்ற ஆலோசகர் எவரும் வருமானத்துக்கு உத்தரவாதம் தரவே கூடாது என்று விதி இருக்கிறது. உத்தரவாதம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அதைச் சொல்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

நல்ல ஆலோசகரை முதல் சந்திப்பிலேயே ஓரளவு அடையாளம் காணலாம். அவர் ஃபண்ட் பெயர் சொல்ல அவசரப்பட மாட்டார். மாதச் செலவு எவ்வளவு, வீட்டுக்கடன் எத்தனை வருடம் பாக்கி, அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்றா, பேங்க் கணக்குகளில் நாமினி போட்டிருக்கிறதா, உயில் எழுதியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே போவார். "அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வாங்க சார், அவங்களுக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்பவர் தொழில் தெரிந்தவர். இழப்பை எவ்வளவு தாங்க முடியும் என்று அளந்து பார்ப்பது அவருக்கு விதிப்படியே கடமை. சில சமயம் அவருடைய யோசனை, "புதுசா எதுவும் வாங்க வேண்டாம், முதல்ல இந்த நகைக்கடனை அடைங்க" என்பதாக இருக்கும். கமிஷனை நம்பி வாழ்பவருக்கு அந்த வாக்கியம் நஷ்டம். கட்டணம் வாங்குபவரால்தான் அதை நிம்மதியாகச் சொல்ல முடியும்.

அப்படியும் ஏதாவது தவறினால், பதிவுபெற்றவர் மீது புகார் கொடுக்க இடம் இருக்கிறது. செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில், பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் புகாரைப் பதிய வேண்டும். சம்பந்தப்பட்டவர் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதிலும் தீராவிட்டால் இணையவழிச் சமரசம், நடுவர் தீர்ப்பு என்று அடுத்த படிகள் உண்டு. ஒப்பந்தம், கட்டண ரசீது, எழுத்தில் வந்த யோசனை மூன்றும் கையில் இருந்தால் புகார் நிற்கும். பதிவில்லாமல் டெபாசிட் வாங்கியவரிடம் சிக்கியவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. அவர்கள் போக வேண்டியது பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கும், டெபாசிட் கட்டியவர்களைப் பாதுகாக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் டான்பிட் நீதிமன்றத்துக்கும்தான். அங்கே சொத்தை முடக்கி, ஏலம்விட்டு, பங்கு பிரித்துக் கொடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது. திரும்பி வருவதும் பல நேரங்களில் போட்டதில் ஒரு பகுதிதான்.